உம்மாமார் எழுதும் பரீட்சை

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டி, நாவற்குடாவையும் மஞ்சந்தொடுவாயையும் கடந்து வந்தால், வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கத் தொடங்கும். அங்கிருந்து காத்தான்குடி. மேற்கே வாவி, கிழக்கே கடல். இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் வாழ்வதாக 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு சொன்னது. மதிலோடு மதில் ஒட்டிய ஒழுங்கைகள். அப்படியொரு ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கும் பெண்கள் பாடசாலைக்குத்தான் போயிருந்தேன். பிள்ளைகள் ஒன்றரைக்கே வீடு போய்விட்டார்கள். ளுஹர் தொழுது, வீட்டாருக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, அவர்களுடைய உம்மாமாரும் உம்மம்மாமாரும் வரத் தொடங்கினார்கள்.

வளர்ந்தோருக்கான எழுத்தறிவு வகுப்பு இது. நாற்பதுகளில் இருப்பவர்களும் உண்டு; எழுபதை எட்டியவர்களும் உண்டு. அடுத்து வருவது இறுதிப் பரீட்சை. வினாத்தாள், புள்ளித்திட்டம், மண்டபம், சுட்டெண், நோக்குநர் என்று எல்லாவற்றையும் முறைப்படி வைத்து நடத்தப் போகிறார்கள். அந்த ஆயத்தத்தைப் பார்க்கத்தான் நான் வந்தது. பெயர்களைப் போட வேண்டாம் என்று பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். பாடசாலையின் பெயரையும் அதனால் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் ஆசிரியர் அறை. மூன்று ஆசிரியைகள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து வினாத்தாளை எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் வரைவை தரம் இரண்டு பாடப் புத்தகத்தைப் பார்த்து எடுத்திருந்தார்கள். பூனைப் படம், அதன் கீழே ஒரு கோடு, கோட்டில் பெயரை எழுத வேண்டும். எல்லோரும் ‘பெரிய டீச்சர்’ என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியை சிவப்புப் பேனையால் அதைக் குறுக்கே வெட்டினார். “பத்துப் பேரப்புள்ள கண்ட மனிசிக்கிட்ட பூனைப் படத்தக் காட்டி, இது என்னண்டு கேக்கிறதா?”

அந்த இடத்தில் ஒரு கிளினிக் கொப்பியின் பக்கம் வந்தது. ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்’ என்ற வரியைக் கொடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை குளிசை, எப்போது போட வேண்டும், பத்து நாளைக்கு எத்தனை குளிசை வாங்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். அதைக் கண்டதும் எனக்கு மனம் நிறைந்தது. நீரிழிவும் பிரஷரும் உள்ள பெண்கள் பாதிப்பேர் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். இதுவரை மருந்துறையைப் பிள்ளையிடம் காட்டி வாசிப்பித்தவர்கள். அவர்களுக்கு வாசிப்பு என்றால் என்ன என்பதை இந்த ஒரு கேள்வி சரியாகப் பிடித்துவிட்டது.

வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பகுதிகள். இந்தியாவில் 2023 முதல் நடக்கும் அடிப்படை எழுத்தறிவு மதிப்பீட்டுப் பரீட்சையும் இதே அமைப்புத்தான்: பகுதிக்கு 50 புள்ளி, மொத்தம் 150, நேரம் மூன்று மணித்தியாலம். காத்தான்குடி ஆசிரியைகள் நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அஸர் தொழுகைக்கு முன்னர் எழுத்து வேலை முடிய வேண்டும், வாய்மொழி வாசிப்பு தொழுகைக்குப் பிறகு என்பது திட்டம். அது நல்ல முடிவு. பாங்கு சொன்ன பிறகு அவர்கள் கையில் பேனை நிற்காது. மனம் தொழுகைக்குப் போய்விடும்.

எழுத்துப் பகுதியில் இருந்த ஒரு கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு படிவம். பெயர், முகவரி, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். 2016க்குப் பிறகு வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இந்தப் பெண்களிடம் இருப்பது பெரும்பாலும் பழையது. படிவத்திலோ பன்னிரண்டு பெட்டி. மிச்சம் இரண்டு பெட்டியை என்ன செய்வது? முதல் மாதிரிப் பரீட்சையில் சிலர் அதில் பூச்சியம் போட்டார்கள், ஒருவர் முதலில் இருந்து திரும்ப எழுதினார் என்று டீச்சர் சொன்னார். அதனால் இரண்டு வகைப் பெட்டிகளையும் போட்டு, உங்கள் அட்டைக்கு ஏற்றதை நிரப்புங்கள் என்று மாற்றிவிட்டார்கள்.

அந்த இலக்கத்தையே ஒரு பாடமாக நடத்தியிருக்கிறார் இளைய ஆசிரியை. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டியிருக்கும். இவ்வளவு காலமும் இடுப்புப் பையில் மடித்து வைத்திருந்த அட்டையில் தாங்கள் பிறந்த நாளும் பெண் என்ற அடையாளமும் எண்ணாக இருப்பது தெரிந்ததும் வகுப்பே கலகலத்துப் போனதாம். ஒவ்வொருவரும் 500ஐக் கழித்துப் பார்த்துத் தன் பிறந்த நாளைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கழித்தல் இப்போது கணக்குப் பகுதியின் கடைசிக் கேள்வி.

பெயர்ப் பெட்டி இன்னும் கடினம். பிறப்புச் சான்றிதழில் பாத்தும்மா, அடையாள அட்டையில் பாத்திமா, வங்கிப் புத்தகத்தில் பாத்திமா பீபி என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கிறது. பரீட்சைச் சான்றிதழில் எது வரும்? வேறு எங்காவது இதைக் கொண்டுபோய்க் காட்டும்போது பெயர் பொருந்தாவிட்டால் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை. அதனால் விண்ணப்பம் நிரப்பும் வாரத்தில் எல்லோரையும் அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ளபடியே பெயரை எழுதப் பழக்கினார்கள். அட்டையே இல்லாதவர்களை கிராம சேவகரிடம் அனுப்பினார்கள். பரீட்சை ஆயத்தம் என்றால் பாடத்தைத் திருப்பிப் படிப்பிப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

புள்ளித்திட்டத்தில்தான் ஆசிரியைகளுக்குள் வாக்குவாதம். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகனுக்கு ஐந்து வரி எழுத வேண்டும் என்பது கேள்வி. ல, ள, ழ மாறினால் பிழைக்கு அரைப் புள்ளி வெட்டலாம் என்றார் இளையவர். பெரிய டீச்சர் ஒப்பவில்லை. மகனுக்கு விளங்கினால் முழுப் புள்ளி என்பது அவர் கட்சி. ‘வாறன் எண்டு சொன்ன, இன்னும் காணல்ல’ என்று ஊர்ப் பேச்சிலேயே ஓர் உம்மா எழுதினால் அதை வெட்டக் கூடாது என்று உறுதியாக நின்றார். முடிவில் எழுத்துப் பிழைக்குப் புள்ளி வெட்டுவது சொல்வதெழுதலில் மட்டும் என்று தீர்ந்தது. படிவத்தில் மட்டும் தயவு இல்லை: பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பிழைதான், ஏனென்றால் வங்கியிலும் அது பிழைதான். என் கருத்தும் பெரிய டீச்சரோடுதான். எழுத்து எதற்காக என்பதைப் பார்த்து அந்தந்த இடத்தில் புள்ளி போட வேண்டும்.

பிறகு வகுப்பறைக்குப் போனோம். அன்று இரண்டாவது மாதிரிப் பரீட்சை. சின்னப் பிள்ளைகளின் தாழ்ந்த வாங்குகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பதினோராம் தர வகுப்பிலிருந்து மேசையும் கதிரையும் கொண்டுவந்திருந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் அந்தத் தாழ்ந்த வாங்கில் இருந்தால் எழும்ப ஏலாது. மேசை மூலையில் பெரிய எண்ணில் சுட்டெண் ஒட்டியிருந்தது. அடுத்த அறையில் இரண்டு பாய் விரித்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பாடசாலையின் உயர்தர மாணவிகள் இருவர் இருந்தார்கள்.

நோக்குநராக வேறொரு பாடசாலை ஆசிரியை வந்திருந்தார். படிப்பித்தவர்களே காவலுக்கு நிற்கக் கூடாது என்பது விதி. சீல் வைத்த உறையை எல்லோருக்கும் உயர்த்திக் காட்டி, இரண்டு பேரைக் கூப்பிட்டு உறையின் மேல் சாட்சிக் கையொப்பம் வைக்கச் சொன்னார். எழுந்து வந்தவர்களில் ஒருவர் அறுபது கடந்தவர். அபாயாவின் கையை மடித்துவிட்டு, பேனையை இறுக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டதைக் கண்டேன். பெருவிரலை மையில் அழுத்திய கை அது. இப்போது இன்னொருவர் செய்யும் காரியம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அது சாட்சிக் கையொப்பம் வைக்கிறது.

தாள்கள் வழங்கப்பட்டன. அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பலர் தாளைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார்கள். சின்ன வயதில் ஓதும் பள்ளிக்குப் போய், குச்சியால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு வலமிருந்து இடமாகக் குர்ஆன் ஓதிப் பழகிய பெண்கள் இவர்கள். ஏடு என்றால் வலப்பக்கத்திலிருந்து திறப்பதுதான் கைக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களை எழுத்தறிவில்லாதவர்கள் என்று ஒரே சொல்லில் பதிவது பெரும் அநியாயம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஏழு வயதிலேயே கற்றவர்கள். தமிழை அறபு எழுத்தில் எழுதிய அறபுத் தமிழ் மரபு கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் நெடுநாள் இருந்தது. அந்த வகுப்பில் மூத்தவர் ஒருவர், தன் மூத்தம்மா அறபுத் தமிழ்க் கிதாபை மடியில் வைத்து வாசிப்பதைப் பார்த்து வளர்ந்ததாகச் சொன்னார். அந்த அறிவின் மேல் நின்று தமிழ் எழுத்தைக் கற்பிக்கும்போது வேகம் தனி. ஆசிரியைகளும் அதை அறிந்து, ஒலியிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். தாள் திறக்கும் குழப்பத்துக்குத் தீர்வு எளிது: இறுதித் தாளில் முதற் பக்கத்தில் பெரிதாக ஒன்று என்று போட்டு, அம்புக்குறி வைக்கப் போகிறார்கள்.

இன்னொரு குழப்பம் கண்ணில். நாற்பது தாண்டினால் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கும். இது எல்லோருக்கும் வருவது. வகுப்பில் மந்தம் என்று நினைத்திருந்த மூன்று பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது வாசிப்புக் கண்ணாடி. அதனால் பரீட்சைக்கு முன் எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, கையளவு தூரத்தில் வைத்து வாசிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். தாளில் எழுத்தும் பாடப் புத்தக எழுத்தைவிடப் பெரிது. வரிக்கு வரி இடைவெளி தாராளம். ஒரு பக்கத்தில் நாலு கேள்விக்கு மேல் இல்லை. போட்டோ கொப்பிக் காசு கூடும் என்று யாரோ சொல்ல, “காசப் பாத்தா கண்ணு தெரியாது” என்று பெரிய டீச்சர் முடித்துவிட்டார்.

பரீட்சை தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடம் ஒரே பேச்சு. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் இவ்வளவு நாளும் வகுப்பின் பழக்கம், அப்படித்தான் படித்தார்கள். நோக்குநர் அதட்டவில்லை. இன்று உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கே காட்டும் நாள், அடுத்தவருக்குச் சொன்னால் அவருடைய தெரிதலை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள் என்றார். மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் இடக்கையை வளைத்துத் தன் தாளை மறைத்துக்கொண்டார்.

முடிந்த பிறகு அவரோடுதான் கதைத்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாய் இழைத்தும் வீட்டில் தைத்தும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர்.

“பேர் எழுதத் தெரியும் மகள். யாரும் பாத்துட்டு நிண்டா கை நடுங்கும். பரீட்சை எண்டா இப்பயும் பயம்தான்.”

அப்படியானால் பரீட்சை இல்லாமலே சான்றிதழ் தந்தால் என்ன ராத்தா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

“அது எனக்கு வேணாம். வகுப்புக்கு வந்தன் எண்டதுக்குத் தாற தாள் அது. எழுதினன் எண்டதுக்குத் தாறதுதான் எனக்கு வேணும்.”

இந்த வார்த்தைக்காகவே நான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வளர்ந்தோரைப் பரீட்சை வைத்துப் பயமுறுத்தக் கூடாது, விளையாட்டாக ஒரு மதிப்பீடு செய்தால் போதும் என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்கள் சிறுவயதில் இழந்தது எழுத்தை மட்டுமல்ல. மண்டபம், சுட்டெண், சீல் உடைக்கும் உறை, பெறுபேறு வரும் நாள் எல்லாமே இவர்களுக்குக் கிடைக்காமல் போனவை. அவற்றைக் குறைத்துக் கொடுத்தால் இரண்டாம் தடவையும் அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கிறோம். இலகுவாக்க வேண்டியது எழுத்தின் அளவு, கதிரை, நேரம், கேள்வியின் பொருள். முறையை இலகுவாக்கக் கூடாது.

ஏன் இழந்தார்கள்? கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. ஐந்து முதல் பதினான்கு வயது வரை பாடசாலைக்குப் போவது கட்டாயம் என்ற விதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது பதினாறு வயதாக உயர்ந்தது. 1945க்கும் 1998க்கும் இடையில் வளர்ந்த பெண்கள் இவர்கள். பெரியபிள்ளையானதும் பாடசாலையை நிறுத்திய வீடுகள் இருந்தன. பதினைந்தில் கல்யாணம் பேசிய வீடுகளும் இருந்தன. பிறகு யுத்தம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இந்த ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். வாப்பாவை இழந்த வீட்டில் மூத்த பெண்பிள்ளையின் படிப்பு நின்றால் யார் கேட்பது? 2004 சுனாமி கரையோர வீடுகளை எடுத்தது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் வந்து கதிரையில் இருந்து பேனை எடுக்கிறார் என்றால், அவர் முன் வைக்கும் தாள் ஒழுங்காக அச்சாகியிருக்க வேண்டாமா?

நாள் குறிப்பதும் பெரிய வேலையாகத்தான் இருந்தது. நோன்பு மாதம் ஆகாது. கார்த்திகை, மார்கழி மழையில் ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். வெள்ளிக்கிழமை முடியாது. பிள்ளைகளின் தவணைப் பரீட்சை நடக்கும் வாரத்தில் உம்மாமார் வரமாட்டார்கள். கல்யாண வீடு இருந்தால் பாதி வகுப்பு அங்கே இருக்கும். கடைசியில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் முடிவானது. வீட்டில் யாருக்காவது வருத்தம் வந்து வர முடியாமல் போனவர்களுக்கு இரண்டாவது நாளும், அதற்கென்று அதே எடையில் இன்னொரு வினாத்தாளும் தயார். பெறுபேற்றைச் செப்டெம்பர் 8, சர்வதேச எழுத்தறிவு தினத்தில் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். சித்தியடையாதவர்களின் பெயரைச் சபையில் வாசிப்பதில்லை. அவர்களுக்கு எந்தப் பகுதி போதாது என்று தனியாகச் சொல்லி, அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதவிடுவார்கள்.

கேரளத்துக் கார்த்தியாயனி அம்மாவின் கதையை இளைய ஆசிரியை வகுப்பில் சொல்லியிருக்கிறார். 2018இல், தொண்ணூற்றாறு வயதில், அந்த மாநில எழுத்தறிவுப் பரீட்சையில் 100க்கு 98 எடுத்தவர். இந்திய அரசின் நாரி சக்தி விருதும் அவருக்குக் கிடைத்தது. அங்கே எழுத்தறிவுப் பரீட்சையோடு வழி முடிவதில்லை. நாலாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் சமமான பரீட்சைகள் வளர்ந்தோருக்கென்று படிப்படியாக இருக்கின்றன. பாகீரதி அம்மா என்பவர் நூற்றைந்து வயதில் நாலாம் வகுப்புக்குச் சமமான பரீட்சையில் சித்தியடைந்தார்.

இந்தக் கதையைக் கேட்ட காத்தான்குடிப் பெண்களின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இதுக்குப் பேந்து நாங்க என்ன எழுதுற? நியாயமான கேள்வி. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் க.பொ.த. சாதாரண தரம் எழுதலாம். ஆனால் இன்று மருந்துறை வாசிக்கப் பழகியவருக்கும் விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் எல்லாம் கேட்கும் அந்தப் பரீட்சைக்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரிது. தையல் தெரிந்தவர்கள் முன்பே பெற்ற திறமையைக் காட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கு முயலலாம். அதற்கு வாய்மொழிக் கேள்வியும் செய்து காட்டலும் உண்டு. இவர்களுக்கு உடனே கைக்கெட்டும் வழி அதுதான் என்று நினைக்கிறேன். மார்க்கக் கல்வியில் இன்னும் போக விரும்புவோருக்குப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல் ஆலிம் பரீட்சை இருக்கிறது. அதுவும் தூரத்துப் படிதான்.

பரீட்சைத் திணைக்களம் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் மண்டபம் வைத்து, மூன்று மொழியில் தாள் அச்சிட்டு, இலட்சக்கணக்கானோருக்குப் பரீட்சை நடத்தத் தெரிந்த நிறுவனம். எழுத்தறிவு வகுப்புக்கும் சாதாரண தரத்துக்கும் நடுவில் வளர்ந்தோருக்கென்று இரண்டு படிகளை அது ஏற்படுத்த வேண்டும். கேள்விகள் அவர்களுடைய வாழ்க்கையிலிருந்து வரட்டும். சான்றிதழில் அரச முத்திரை இருக்கட்டும். முறைசாராக் கல்வியில் இருக்கும் ஆசிரியர்களிடம் கேட்டால், தாள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லித் தருவார்கள்.

அரசு செய்யும்வரை வீடுகள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வகுப்பைவிட்டு நின்றவர்கள் யாரும் படிப்பு ஏறாமல் நிற்கவில்லை என்று ஆசிரியைகள் சொன்னார்கள். பின்னேரச் சமையலும் கைக்குழந்தையும் வருத்தக்காரரும்தான் காரணம். உங்கள் உம்மாவோ மாமியோ மனைவியோ இப்படியொரு வகுப்புக்குப் போனால், அந்த இரண்டு மணித்தியாலம் வீட்டை நீங்கள் பாருங்கள். பரீட்சை நாளில் அடையாள அட்டையும் கண்ணாடியும் பையில் இருக்கிறதா என்று பார்த்து, நேரத்துக்கு முன்பே அவர்களைக் கொண்டுபோய் மண்டபத்தில் விடுங்கள்.